எரிச்சலை அடக்கும் மாத்திரை வியாதியைத் தீர்க்குமா?

திருப்பூர்ப் பெண் தொழிலாளிகளின் நீர்க்கடுப்பும், ஒரு சாய மருந்தின் கதையும்

திருப்பூர் என்றால் பனியன். 1925-ம் ஆண்டு வாக்கில் ஒரு சிறு பனியன் கம்பெனியோடு அங்கே இந்தத் தொழில் தொடங்கியது. இன்று இந்தியாவில் இருந்து வெளிநாடுகளுக்குப் போகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூர் வட்டாரத்தில் இருந்துதான் போகிறது. அவிநாசி, பல்லடம், காங்கயம் என்று சுற்று வட்டாரத்து ஊர்களில் இருந்தெல்லாம் காலையில் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. லட்சக்கணக்கான தொழிலாளிகள். அவர்களில் பெரும் பகுதி பெண்கள்.

இந்தப் பெண்களிடையே அடிக்கடி தலைகாட்டும் வியாதி ஒன்று உண்டு. அதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். வீட்டில்கூட, "சூடு பிடித்துக்கொண்டது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். நீர்க்கடுப்பு என்றும் நீர்ச்சுருக்கு என்றும் பெரியவர்கள் பெயர் வைத்த வியாதி அது. சிறுநீர் கழிக்கும்போது நெருப்பாய் எரியும். சொட்டுச் சொட்டாக இறங்கும். போய்விட்டு வந்த மறு நிமிஷமே மீண்டும் போக வேண்டும் போலத் தோன்றும். அடிவயிறு கனக்கும்.

இதற்கு மருந்துக் கடையில் மருந்து இருக்கிறது. ஒரு ரகம் அல்ல, மூன்று ரகம். மூன்றும் மூன்று வேலை செய்பவை. ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. இந்த வித்தியாசம் தெரியாமல் மருந்து சாப்பிடுவதால் வரும் கேடு சாதாரணமானது அல்ல. எரிச்சல் நின்றுவிடும், வியாதி நிற்காது!

வியாதி எப்படி வருகிறது?

"சூடு" என்று சொல்லப்படும் இந்த எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் கிருமி. "ஈ-கோலை" என்ற கிருமி மனிதர்களின் குடலில் எப்போதும் வாழ்கிறது. அங்கே இருக்கும் வரையில் அதனால் தொல்லை இல்லை. அது சிறுநீர் வரும் பாதையில் புகுந்து, சிறுநீர்ப் பைக்குப் போய்விட்டால் நீர்க்கடுப்பு தொடங்குகிறது. நூறு பேருக்கு நீர்க்கடுப்பு வந்தால், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் அதற்கு மேலும் காரணம் இந்த ஒரு கிருமிதான்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருவது ஏன்? உடல் அமைப்பே காரணம். ஆணுக்குச் சிறுநீர்ப் பாதையின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கு சுமார் 4 சென்டிமீட்டர்தான். கிருமி ஏறிப் போக வேண்டிய தூரம் மிகக் குறைவு. பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆயுளில் ஒரு முறையாவது இந்த வியாதி வருகிறது என்பது வைத்திய நிபுணர்களின் கணக்கு.

உடலும் சும்மா இருப்பதில்லை. கிருமி உள்ளே நுழைந்தாலும், சிறுநீர் வேகமாக வெளியேறும்போது அதையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் பாசி நிற்காது அல்லவா? அதைப் போலத்தான். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் குறையும். வந்ததையும் மணிக்கணக்கில் அடக்கி வைத்தால், கிருமிக்குக் குடியிருக்க இடமும் பெருக நேரமும் கிடைத்துவிடும்.

பனியன் கம்பெனி வேலையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. காலை எட்டரைக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்டு பார்க்கும் நாளில் வீடு திரும்ப இரவாகிவிடும். ஓவர்லாக்கிலும் பிளாட்லாக்கிலும் தைக்கிறவருக்கு மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு. ஒருவர் எழுந்து போனால், வரிசையில் அடுத்தவரிடம் துணி வந்து சேராது. சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கோ, எழுந்து போகும் ஒவ்வொரு தடவையும் கூலி குறையும். கழிப்பிடம் தூரத்தில் இருக்கலாம், சுத்தமில்லாமல் இருக்கலாம், ஆண்கள் நிற்கும் வழியாகப் போக வேண்டியிருக்கலாம். பல பெண்கள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி மிகச் சுலபமானது. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலிலும் அப்படித்தான். மாதவிலக்கு நாட்களில் துணி மாற்றுவதையும் தள்ளிப் போடுகிறார்கள். வியாதிக்கு இதைவிட நல்ல அழைப்பு வேறு என்ன வேண்டும்?

மூன்று ரக மருந்து

நீர்க்கடுப்புக்குக் கொடுக்கப்படும் மருந்துகளை மூன்று ரகமாகப் பிரிக்கலாம்.

முதல் ரகம், வலியை அடக்கும் மருந்து. சிறுநீர்ப் பையின் உள்தோலை மரத்துப் போகச் செய்வதைப் போல எரிச்சலைக் குறைக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது.

இரண்டாவது ரகம், சிறுநீரில் உள்ள அமிலத்தைக் குறைக்கும் மருந்து. சிட்ரேட் உப்புக் கலந்த திரவமாகப் பாட்டிலில் விற்கப்படுவது இதுதான். தண்ணீரில் கலந்து குடிப்பார்கள். இதனாலும் எரிச்சல் குறையலாம். இதுவும் கிருமியைக் கொல்லாது.

மூன்றாவது ரகம், கிருமியைக் கொல்லும் மருந்து. வியாதியின் வேரை அறுப்பது இது ஒன்றுதான்.

முதல் இரண்டு ரகமும் சில மணி நேரத்தில் சுகம் தரும். மூன்றாவது ரகம் ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். அவசரமாக வேலைக்குப் போக வேண்டியவருக்கு எது பிடிக்கும்? உடனே சுகம் தருவதுதான் பிடிக்கும். அதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

சாயமே மருந்தான கதை

முதல் ரகத்தில் உலகம் முழுவதும் பெயர் பெற்றது "பினாஸோபிரிடின்" என்ற மருந்து. "பிரிடியம்" என்ற வியாபாரப் பெயரில் அநேகர் இதை அறிவார்கள். இது உண்மையில் ஒரு சாயம். அதுவும் திருப்பூர்க்காரர்கள் நன்றாக அறிந்த "அஸோ" சாய இனத்தைச் சேர்ந்தது!

சாயத்துக்கும் மருந்துக்கும் உள்ள உறவு பழையது. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் சாயக் கம்பெனிகளே மருந்துக் கம்பெனிகளாக இருந்தன. துணியில் ஒட்டிக்கொள்ளும் சாயம் கிருமியின் மேலும் ஒட்டிக்கொள்ளாதா என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். அந்தத் தேடலில்தான் ஜெர்மன் விஞ்ஞானி கெர்ஹார்டு டோமாக், "புரோன்டோசில்" என்ற சிவப்புச் சாயம் கிருமியைக் கொல்லும் என்று கண்டு, 1935-ல் உலகத்துக்கு அறிவித்தார். தம் சொந்த மகளின் கையில் ஏற்பட்ட கடுமையான புரையை இந்த மருந்தால்தான் அவர் குணப்படுத்தினார். 1939-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. சல்பா மருந்துகளின் யுகம் அதில் இருந்து தொடங்கியது.

பினாஸோபிரிடினும் அதே காலத்துச் சரக்குதான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பெர்ன்ஹார்டு யோஸ் என்ற ரசாயன நிபுணர் இதைக் கண்டுபிடித்தார். "சிலாக்" என்ற மருந்துக் கம்பெனியை நிறுவியவர் அவர். முதலில் இதுவும் கிருமியைக் கொல்லும் மருந்து என்றே நினைத்தார்கள். அமெரிக்காவில் 1930-களில் அப்படியே விளம்பரமும் செய்தார்கள். பிறகுதான் உண்மை தெரிந்தது. கிருமிகள் அப்படியே இருந்தன. நோயாளிகள் "குணமாகிவிட்டது" என்று சொன்னதற்குக் காரணம், எரிச்சல் நின்றதுதான்! ஆகையால், கிருமிநாசினி என்ற பட்டத்தைப் பறித்து, வலி அடக்கி என்ற வரிசையில் இதை உட்கார வைத்தார்கள்.

டாக்டர்களுக்கு வந்த இந்த மயக்கம், மருந்து சாப்பிடும் ஜனங்களுக்கு இன்றும் வருகிறது. எரிச்சல் போனால் வியாதி போனதாக நினைத்துவிடுகிறார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் மருந்துகளுக்கு வரிசை எழுத்துக் கொடுத்திருக்கிறது. அதில் பினாஸோபிரிடின் இருப்பது "ஜி" வரிசையில். சிறுநீர் உறுப்புகளுக்கான மருந்துகள் வரிசை அது. கிருமிகளை எதிர்க்கும் மருந்துகள் இருப்பது "ஜே" வரிசையில். இரண்டு மாத்திரையும் ஒரே காகித உறையில் போட்டுக் கொடுக்கப்படலாம். ஆனால் இனம் வேறு, வேலை வேறு.

இரண்டே நாள்!

பினாஸோபிரிடின் கெட்ட மருந்து அல்ல. உரிய இடத்தில் நல்ல உதவி செய்யும். கிருமிக்கொல்லி மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரையில், நோயாளி துடிக்காமல் இருக்க இதைத் துணைக்குக் கொடுப்பார்கள். வழக்கமாகப் பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. கிருமிக்கொல்லியோடு சேர்த்து இரண்டு நாட்களுக்கு மேல் கொடுப்பதில்லை.

ஏன் இரண்டு நாள்? அதற்கு மேல் கொடுப்பதால் கூடுதல் நன்மை இருப்பதாகச் சான்று இல்லை என்பது ஒரு காரணம். வலி என்பது உடல் அடிக்கும் மணி. மணியை நிறுத்திவிட்டால் தீ அணைந்ததா, இல்லையா என்பது தெரியாது. இது இரண்டாவது காரணம்.

வேறு எச்சரிக்கைகளும் உண்டு. இந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகவோ சிவப்பாகவோ போகும். ரத்தம் என்று பயப்பட வேண்டியது இல்லை, சாயம்தான் அது. உள்ளாடையில் பட்டால் கறை போவது கடினம். இந்தச் சாயம் கலந்த சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தால், நிறம் மாறுவதைப் பார்த்துச் சொல்லும் சோதனைகள் தவறான விடை காட்டக் கூடும். ஆகையால் மாத்திரை சாப்பிடும் முன்பே சிறுநீரைச் சோதனைக்குக் கொடுப்பது நல்லது. சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. "ஜி-6-பி-டி" என்ற பொருள் பிறவியிலேயே ரத்தத்தில் குறைவாக உள்ளவர்களுக்கு இது ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு இந்த மருந்தை "2-பி" என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. "மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்" என்பது அந்த வகுப்பின் பொருள். மிருகங்களுக்கு நீண்ட காலம் கொடுத்துச் செய்த சோதனைகளை வைத்து இப்படி வகுத்தார்கள். டாக்டர் சொல்லி இரண்டு நாள் சாப்பிட்டவர்கள் இதற்காகக் கலங்க வேண்டாம். எரியும் போதெல்லாம் வாங்கி விழுங்குகிற பழக்கம்தான் கூடாது.

அஸோ சாயங்களில் சில, உடலில் சிதைந்து கேடான பொருள்களைத் தரும் என்பதால் 1994-ல் ஜெர்மனி அவற்றுக்குத் தடை விதித்தது. இந்திய சர்க்காரும் 1990-களில் அஸோ சாயங்கள், பென்சிடின் சாயங்கள் என்று மொத்தம் 112 சாயங்களைத் தடை செய்தது. பினாஸோபிரிடின் அந்தத் துணிச் சாயங்களில் ஒன்று அல்ல. அதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளை. அன்று முதல் வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் திருப்பூர்க் கம்பெனிகள், கெட்ட சாயம் கலக்கவில்லை என்று சோதனைச் சான்றிதழ் வாங்கி அனுப்புகின்றன. துணியை உடுத்தப் போகிறவருக்கு இவ்வளவு பாதுகாப்பு! துணியைத் தைக்கிறவர் எந்த மாத்திரையை விழுங்குகிறார் என்பதற்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

2019-ல் வந்த செய்தி

இந்தக் கேள்வி 2019-ம் ஆண்டு உலகத்தின் காதிலும் விழுந்தது. தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்ற செய்தி அமைப்பு, தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசிச் செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் வேலை இடத்திலேயே பெயரில்லாத மாத்திரை தருகிறார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். லேபிள் கிடையாது, என்ன மருந்து என்ற விவரமும் கிடையாது. அவை சாதாரண வலி மாத்திரையைப் போன்றவை என்று பிறகு டாக்டர்கள் பார்த்துச் சொன்னார்கள். அந்த மாத்திரைகளால் உடல்நலம் கெட்டது என்று பேசியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கூறினார்கள். அவர்கள் சொன்ன தொல்லைகளில் சிறுநீர்ப் பாதை நோயும் ஒன்று.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இதைப் பற்றி ஒரு வாசகம் உண்டு. முதல் உதவிப் பெட்டியில், விதியில் சொன்ன பொருள்களைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது என்று 45-வது பிரிவு சொன்னது. சட்டம் எழுதியவர்கள் எழுபது வருஷத்துக்கு முன்பே இதை யோசித்திருக்கிறார்கள்!

வலி மாத்திரை கொடுத்து வேலையைத் தொடரச் செய்வது, கொடுப்பவருக்கு இரக்கம் போலத் தோன்றலாம். ஆனால் நீர்க்கடுப்பில் அது விபரீதமாக முடியும். வலி தெரியாததால் கிருமி பெருக இடம் கிடைக்கிறது. கிருமி சிறுநீர்ப் பையில் இருந்து மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கினால் குளிர் காய்ச்சல் வரும், விலாவில் வலிக்கும், வாந்தி வரும். அப்போது வாயால் விழுங்கும் சாதாரண மாத்திரை போதாமல் போகலாம். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரலாம். கர்ப்பிணிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்; குறைப் பிரசவம்கூட ஏற்படலாம். சர்க்கரை வியாதிக்காரர்களும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கிருமிக்கொல்லியில் மூன்று வரிசை

கிருமியைக் கொல்லும் மருந்து என்றாலும் எல்லாம் ஒன்று அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல் கிருமிக்கொல்லி மருந்துகளை மூன்று வரிசையாகப் பிரித்தது. முதல் வரிசை, தாராளமாகக் கிடைக்க வேண்டியவை. இரண்டாவது வரிசை, கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை. மூன்றாவது வரிசை, வேறு எதுவும் பலிக்காதபோது எடுப்பதற்காகப் பூட்டி வைக்க வேண்டியவை.

சாதாரண நீர்க்கடுப்புக்கு உரிய மருந்துகள் முதல் வரிசையிலேயே இருக்கின்றன. அவற்றில் ஒன்று "நைட்ரோபுரன்டாயின்". 1953-ல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த பழைய மருந்து அது. எழுபது ஆண்டு ஆகியும் கிருமிகள் அதற்குப் பெரும்பாலும் பணிந்தே போகின்றன. காரணம் உண்டு. இந்த மருந்து ரத்தத்தில் தங்காமல் வேகமாகச் சிறுநீருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கிருமியை ஒரே இடத்தில் அல்லாமல் பல இடங்களில் அடிக்கும். ஆகையால் தப்பிக்கும் வழியைக் கிருமி எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதே காரணத்தால் இதற்கு ஓர் எல்லையும் உண்டு. சிறுநீர்ப் பையில் உள்ள கிருமிக்குத்தான் இது மருந்து. சிறுநீரகத்துக்கு ஏறிவிட்ட வியாதிக்கு இது போதாது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும், பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும், மேலே சொன்ன ரத்தக் குறை உள்ளவர்களுக்கும் இதைக் கொடுப்பதில்லை. வழக்கமாக ஐந்து நாள், சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. சிறுநீரில் அமிலம் இருந்தால்தான் இந்த மருந்து நன்றாக வேலை செய்யும். அமிலத்தைக் குறைக்கும் சிட்ரேட் திரவத்தையும் கூடவே குடித்தால் ஒரு மருந்தின் காலை இன்னொரு மருந்து வாரிவிடும். கடையில் இரண்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

"நார்பிளாக்சசின்", "சிப்ரோபிளாக்சசின்", "செபிக்ஸிம்" ஆகியவை இரண்டாவது வரிசை மருந்துகள். பெரிய வியாதிகளுக்கு வேண்டும் என்று பத்திரமாக வைக்க வேண்டியவை. சிப்ரோபிளாக்சசின் இனத்து மருந்துகளால் தசைநாருக்கும் நரம்புக்கும் கேடு வரலாம் என்பதால், வேறு மருந்து இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2016-ல் எச்சரித்தது. இந்த இனத்து மருந்துகளுக்கு இந்தியாவில் ஈ-கோலை கிருமி பெரிய அளவில் பழகிவிட்டது. முன்பு இரண்டு மாத்திரையில் அடங்கிய வியாதி இப்போது அடங்குவதில்லை.

மருந்துக்குக் கிருமி பழகிப்போவது தனி மனிதரின் கஷ்டத்தோடு முடிவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆராய்ச்சி கணக்கிட்டது. ஐந்து நாள் சாப்பிட வேண்டிய மருந்தை, எரிச்சல் நின்றதும் இரண்டாம் நாளே நிறுத்துகிறவரும், வேண்டாத இடத்தில் வீரியமான மருந்தைக் கொடுக்கிறவரும் இந்தக் கணக்கைக் கூட்டுகிறார்கள்.

சிவப்புக் கோடு

சட்டத்தில் மருந்துகளுக்கு வேறு ஒரு பிரிவினை உண்டு. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்துகளை "எச்" அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். அதைவிடக் கடுமையானது "எச்-1" அட்டவணை. 2014 மார்ச் 1 முதல் 46 மருந்துகளோடு அது நடைமுறைக்கு வந்தது. செபிக்ஸிம் அதில் இருக்கிறது. இந்த அட்டவணை மருந்தை விற்றால், கடைக்காரர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் புத்தகத்தில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

2016-ல் மத்திய சர்க்கார் இன்னொரு பிரசாரமும் தொடங்கியது. மாத்திரை அட்டையில் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டரைக் கேட்காமல் அதைச் சாப்பிடாதீர்கள் என்பது அந்தப் பிரசாரம். படிக்கத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளக் கூடிய அடையாளம் அது. ஆனால் முழு அட்டையாக வாங்கினால்தானே கோடு கண்ணில் படும்? இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் கோடும் போயிற்று, மருந்தின் பெயரும் போயிற்று.

கடைக்காரர் மேல் மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போகும். அதற்கு மேல் பீஸ், சோதனைச் செலவு. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு வைத்தியம் இலவசம். திருப்பூரில் 2022-ல் அரசாங்க மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டிருக்கிறது. ஆனால் பகல் நேரத்தில் அங்கே போய் நிற்க லீவு வேண்டும். லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஆண் சூப்பர்வைசரிடம் இந்தக் காரணத்தை எப்படிச் சொல்வது? ஆகவே ராத்திரி வேனை விட்டு இறங்கியதும், திறந்திருக்கும் கடையில் பத்து, இருபது ரூபாய்க்கு மாத்திரை வாங்கிப் போய்விடுகிறார்கள்.

தண்ணீரே மருந்து

நீர்க்கடுப்பு வராமல் தடுக்க எந்த அட்டவணையிலும் இல்லாத மருந்து ஒன்று இருக்கிறது. அது தண்ணீர். இது பாட்டி வைத்தியம் மட்டும் அல்ல. பல்கேரியா நாட்டில் 140 பெண்களை வைத்து ஒரு வருஷம் சோதனை செய்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறவர்கள்; குறைவாகத் தண்ணீர் குடிக்கிறவர்கள். பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் வழக்கம் போல இருந்தார்கள். வருஷ முடிவில் வழக்கம் போல இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை வியாதி வந்தது. கூடுதல் தண்ணீர் குடித்தவர்களுக்கு 1.7 தடவைதான் வந்தது. ஏறக்குறைய பாதி! கிருமிக்கொல்லி சாப்பிடுவதும் அதே போலக் குறைந்தது.

வியாதி வந்த பிறகு தண்ணீர், மோர், பார்லிக் கஞ்சி குடிப்பதும் நல்லதுதான். ஆனால் அவற்றையே நம்பி, காய்ச்சல் வரும் வரையில் காத்திருக்கக் கூடாது.

ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தால், கூடுதலாக எழுந்து போகவும் வேண்டும். "தண்ணீர் குடி" என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்துவிட்டு, கழிப்பிடத்துக்குப் போகக் கணக்குப் பார்த்தால் அந்த உபதேசத்தால் பயன் என்ன?

தொழிற்சாலைச் சட்டத்தின் 19-வது பிரிவு, கழிப்பிடங்கள் வசதியான இடத்தில் இருக்க வேண்டும் என்றும், தொழிலாளி தொழிற்சாலையில் இருக்கும் நேரம் முழுவதும் அங்கே போகக் கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 25 பெண்களுக்கு ஒரு கழிப்பிடம் என்பது தமிழ்நாட்டு விதி வைத்த அளவு. 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் குடிநீரும், ஆண், பெண், திருநங்கையருக்குத் தனித்தனிக் கழிப்பிடமும் கட்டாயம். பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஆட்கள் வந்து இவற்றை எண்ணிப் பார்க்கிறார்கள். ஆனால் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு யூனிட்டுகள் ஏராளம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள் பெரும்பாலும் இந்தச் சட்டங்களின் வலைக்கு வெளியே நிற்கின்றன. தவிர, கழிப்பிடங்களை எண்ணிவிடலாம். அங்கே போகப் பயப்படாமல் இருக்கிறார்களா என்பதை எண்ண முடியாது.

கோழிக்கோட்டுப் பெண்கள்

இது தீராத பிரச்சினை அல்ல என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் உள்ள ஜவுளிக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை. அவர்களும் தண்ணீர் குடிக்காமல்தான் காலம் தள்ளினார்கள். விஜி என்ற தையல் தொழிலாளியின் தலைமையில் "பெண்கூட்டு" என்று சங்கம் வைத்து, முதலில் கழிப்பிடத்துக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். 2018-ல் கேரள சர்க்கார் கடைத் தொழிலாளர் சட்டத்தையே திருத்தியது. அதே ஆண்டு பி.பி.சி. தேர்ந்தெடுத்த உலகின் 100 பெண்களில் விஜியும் ஒருவர். 2021-ல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தந்தது. கூச்சத்தை விட்டுப் பேசியதால் வந்த வெற்றி அது.

செய்ய வேண்டியது என்ன?

தொழிலாளிகள் நினைவில் வைக்க வேண்டியவை சில. எரிச்சல் நின்றால் வியாதி நின்றது என்று அர்த்தம் அல்ல. மாத்திரை வாங்கும்போது, "இது வலிக்கா, கிருமிக்கா?" என்று கேட்க வேண்டும். கிருமி மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரையில் சாப்பிட வேண்டும். காய்ச்சல், விலா வலி, சிறுநீரில் ரத்தம், கர்ப்பம், சர்க்கரை இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரே வருஷத்தில் மறுபடியும் மறுபடியும் வந்தால், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைச் சொல்லும் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

கம்பெனிகள் செய்ய வேண்டியது அதிகச் செலவு பிடிக்காதது. மிஷின் வரிசைக்குப் பக்கத்தில் குடிநீர், தண்ணீரும் கதவும் விளக்கும் உள்ள கழிப்பிடம், போய் வந்ததற்குக் கேள்வி கேட்காத சூப்பர்வைசர். இவை போதும். வியாதியால் ஒருவர் மூன்று நாள் வராமல் போனால் நஷ்டமாகும் பீஸ்களைவிட, ஐந்து நிமிஷம் எழுந்து போவதால் குறையும் பீஸ்கள் குறைவுதான். சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. தொழிலாளிகள் வேலை முடிந்து வரும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சிறுநீர்ச் சோதனையும் வைத்திய ஆலோசனையும் கிடைக்கும்படி செய்தால், ராத்திரிக் கடை மாத்திரைக்குத் தேவை குறையும்.

ஒரு காலத்தில் திருப்பூரின் சாயக் கழிவு நொய்யல் ஆற்றை நிறம் மாற்றியது. 2011-ல் ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவு நீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு ஊரே மாற வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் செலவு பிடித்த அந்த வேலையையே செய்து காட்டிய ஊர் திருப்பூர். மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் பயமில்லாமல் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பதற்கு வழி செய்வது அதைவிடப் பெரிய வேலை அல்ல.